வீட்ல போடுற டீ ஏன் டீக்கடை டீ மாதிரி திக்கா வரமாட்டேங்குது?

பாலு, தண்ணி, தூளு எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி கொதிக்க விடுறோம்ல, அங்கதான் கோட்டை விடுறோம். பால்ல சாறு சரியா இறங்காதுங்க.

ரெண்டு பேருக்கு முக்கால் டம்ளர் தண்ணில மூணு ஸ்பூன் டஸ்ட் டீ (லீஃப் டீ இதுக்கு செட் ஆகாது), தட்டுன இஞ்சி போட்டு நாலு நிமிஷம் நல்லா கொதிக்கட்டும், டிகாஷன் கருஞ்சிவப்பா ஆனதும் ஒன்றரை டம்ளர் புல் கிரீம் பால், அதான் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6% கொழுப்பு, அத ஊத்தி சிம்ல ரெண்டு தடவ பொங்கி அடங்க விடுங்க. பச்சை இஞ்சிய நேரா பால்ல போட்டுறாதீங்க, அதுல இருக்குற என்சைம் பால திரிச்சிடும், தண்ணில கொதிச்சா அந்த வேலையெல்லாம் காட்டாது. ஒருநாள் காலங்காத்தால நான் பன்னீர் டீ குடிச்சிருக்கேன்! வடிகட்டி சர்க்கரை போட்டு, கைய நல்லா தூக்கி நாலு ஆத்து ஆத்துங்க, நுரை தானா வரும்.