உழுதும் தண்ணீர் இறங்காத நிலம்: இன்னும் ஆழமாக உழலாமா?

கேள்வி: ஒவ்வொரு பருவமும் ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணை மாவாக்கித்தான் விதைக்கிறேன். ஆனாலும் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் புல் மண்டிய தரிசில் அதே மழை உடனே இறங்கிவிடுகிறது. இன்னும் ஆழமாக உழ வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு ஆழமாக உழாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு இடத்திலும் மண் ஒன்றே என்றால், வேறுபாடு மண்ணுக்குள் இருக்கும் துளைகளில்தான். நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்த வெற்றிடம் எவ்வளவு என்பதைவிட, துளைகள் எவ்வளவு பெரியவை, அறுபடாமல் கீழே போகின்றனவா என்பதுதான் தண்ணீர் இறங்குவதைத் தீர்மானிக்கிறது. துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் பதினாறு மடங்காகும். செத்த வேர் மட்கிய 1 மி.மீ. துளை ஒன்று, 0.1 மி.மீ. துளைகள் 10,000 சேர்ந்து கடத்தும் நீரைத் தனியாகவே கடத்திவிடும். தரிசில் வேரும் மண்புழுவும் போட்ட இந்த வழிகளை யாரும் வெட்டவில்லை. உங்கள் நிலத்தில் ஒவ்வொரு பருவமும் வெட்டுப்படுகின்றன.

அதோடு, வேரும் பூஞ்சை இழைகளும் மட்கும் பிடித்துவைத்திருக்கும் சிறு மண்கட்டிகளையும் ரோட்டவேட்டர் பொடித்துவிடுகிறது. உழுத மறுநாள் கால் புதையப் புதைய இருக்கும், உண்மைதான். ஆனால் மழைத்துளி அடித்ததும் அந்தத் தூள் கரைந்து மேலே ஏடாகப் படிகிறது. அடியில், கத்தி வருடா வருடம் ஒரே ஆழத்தில் தேய்த்த இடம் கெட்டித் தளமாகிறது.

மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போது 40 செ.மீ. ஆழக் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகக் கத்தியால் குத்திப் பாருங்கள். கெட்டித் தளம் இருந்தால் பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ.க்குள் கத்தி சட்டென்று இறங்க மறுக்கும். அங்கே மண் தட்டுத் தட்டாகப் பெயரும். வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அப்புறம், வயலிலிருந்தும் தரிசிலிருந்தும் நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒவ்வொன்றைத் தெளிந்த நீரில் போடுங்கள். சில நிமிடத்தில் வயல் கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தரிசுக் கட்டி உருக்குலையாமல் இருந்தால், மண்ணின் கட்டமைப்பு கெட்டிருக்கிறது. பல மணி நேரம் கழித்தும் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் நின்றால் சோடியம் மிகுதி என்று சந்தேகிக்கலாம். மண் பரிசோதனையில் அது உறுதியானால்தான் ஜிப்சம் (சோடியத்தை விரட்ட உதவும் கால்சிய உப்பு) போட வேண்டும்.

கெட்டித் தளம் இருந்தால் மட்டும் உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழத்தில் கீறி உடைக்கும் கலப்பை) போடுங்கள். தளத்துக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. வரை உளி இறங்கினால் போதும். அதற்கு மேல் டீசல்தான் வீண். ஓட்டும் முன் அந்த ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. கனத் திரியாக உருண்டால் இன்னும் ஈரம் அதிகம், பொறுங்கள். ஈரத்தில் உளி மண்ணைக் கீறிக்கொண்டு போகுமே தவிர உடைக்காது. உடைத்த கையோடு துவரை, சணப்பு போல ஆழவேர் விடும் பயிரைப் போடுங்கள். வேர் இறங்கிப் பிடிக்காவிட்டால் தளம் மறுபடி இறுகிவிடும்.

மேலே ஏடு படிவதுதான் சிக்கல் என்றால் ரோட்டவேட்டரை நிறுத்துவதே மருந்து. பயிர்க்கழிவை எரிக்காமல் மூடாக்காக விடுங்கள். உழவைக் குறைத்த முதல் ஓரிரு வருடம் மேல்மண் முன்பைவிட இறுகியதுபோல் தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்து திரும்ப உழுதால் பட்ட பாடெல்லாம் வீண். ஈர வயலில் டிராக்டரையும் இறக்காதீர்கள்; மண் அமுங்குவதில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. பயிர் இல்லாத காலத்தில் மாடுகளை ஈர மண்ணில் மேயவிட்டாலும் மேல்மண் மிதிபட்டு இறுகும்.

குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறினாலோ, கீழே முழுக்கக் களிமண்ணாக இருந்தாலோ எந்தக் கலப்பையும் உதவாது. அங்கே வடிகால் வெட்டுங்கள், அல்லது மேட்டுப்பாத்தியில் பயிர் வையுங்கள்.