பென்சில் கால் நாற்காலி – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

தக்கலைக்குப் பக்கம் சொந்த ஊர். பெங்களூரில் மென்பொருள் வேலை. மூன்று வருடமாக 1950, 60களின் நாற்காலி, டீப்பாய், மேஜை விளக்கு, பீங்கான் பொம்மை என்று சேர்த்துவருகிறேன். ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்கிறார்களே, அந்த வகை. இப்போது ஒரு வியாபாரி சண்டிகர் நாற்காலி ஒன்றை 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். முதுகுச் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் அரசுத் துறையின் எழுத்துகூட இருக்கிறது. வாங்கலாமா?

இதற்கிடையே ஊரில் பாட்டா வீட்டை இடிக்கப்போகிறார்கள். உள்ளே இருக்கும் சாமான்களை சித்தப்பா பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்கு மொத்தமாக 6,000 ரூபாய்க்குப் பேசிவிட்டார். பாட்டா உட்காரும் ஒரு சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய இரண்டு கை நாற்காலிகள், பலகை வெடித்த ஒரு டீப்பாய், ஒரு வால்வு ரேடியோ. படங்கள் அனுப்பியிருக்கிறேன். இவையும் அந்த வகையில் சேருமா, இல்லை வெறும் பழைய சாமான்களா?

“ஊரார் தூக்கிப் போட்டதை நீங்க ஏன் தூக்கிட்டு வாறீங்க?” என்று மனைவி கேட்கிறாள். பெரிய வீட்டுப் பெருமையைக் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறேனோ என்று எனக்கே சில சமயம் தோன்றுகிறது.

ச.

*

அன்புள்ள ச.,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த 85,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

பியேர் ஜன்னரே என்ற சுவிஸ் கட்டிடக் கலைஞர் 1951 முதல் 1965 வரை சண்டிகரில் இருந்து அந்த நகரத்தைக் கட்டினார். அலுவலகம், நூலகம், கல்லூரி விடுதி எல்லாவற்றுக்கும் தேக்கும் பிரம்புமாக நாற்காலிகள் வேண்டியிருந்தன. கவிழ்த்துப் போட்ட V போல அகன்ற கால்கள் அப்படி வந்தவை. பல பட்டறைகளில், பல தச்சர்கள் கையால், ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஒன்றைப் போல ஒன்று அச்சாக இருக்காது. பிறகு உடைந்தது, ஆடியது என்று அரசாங்கமே கழித்துக்கட்டி ஏலம் விட்டது. வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய், பழுதுபார்த்து, அங்கே லட்சங்களில் விற்றார்கள். 2011ல் உள்துறை அமைச்சகம் மீதி இருப்பதை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. தொல்பொருள் சட்டம் இதில் உதவாது. 1972ல் வந்த அந்தச் சட்டப்படி நாற்காலிக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும்.

ஆக, அசல் என்றால் அது எந்த ஏலத்தில், எந்த ஆண்டில் வெளியே வந்தது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். அந்த வெள்ளை எழுத்தை ஒரு தகரத்தில் வெட்டி வைத்துக்கொண்டு நானே ஒரு நாளில் ஐம்பது நாற்காலிக்குப் போட்டுத்தர முடியும்.

எனக்கும் சூடு பட்ட அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு, திருவனந்தபுரம் போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடையில் ‘பர்மா தேக்கு, 1958’ என்று சொல்லி ஒரு கை நாற்காலியை என் தலையில் கட்டினார்கள். நல்ல கறுத்த பாலிஷ். ஐப்பசி மழையில் காலடியில் மாவு கொட்டத் தொடங்கியது. ஆசாரி வந்து உளியால் ஒரு ஓரத்தைச் சுரண்டிவிட்டு, “அண்ணாச்சி, இது நம்ம குலசேகரம் பர்மா” என்றார். குலசேகரத்தில் விளையும் ரப்பர் மரம்! வண்டுக்கு அது பால்சோறு. வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது விலை பேசினால் “பர்மாவா?” என்றுதான் கேட்பார்கள்.

அன்றிலிருந்து எந்த நாற்காலியையும் கவிழ்த்துப் பார்க்காமல் நான் பேசுவதில்லை. அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. மரம் அங்கே தன் நிறத்தில் இருக்கும். திருகாணியின் தலையில் ஒற்றைக் கீறலா, நட்சத்திரக் கீறலா என்று பாருங்கள். நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார்கள். பிரம்பு, சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு ஒவ்வொரு இழையாகக் கோத்ததா, இல்லை ஆயத்தமாக வரும் பாயை வெட்டி ஒரு பள்ளத்தில் பதித்து ஒட்டியதா? கை வைக்கும் இடம் தேய்ந்திருக்கிறதா? எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. மனிதன் அப்படி உட்காருவதில்லை. அப்புறம் பசை. ஃபெவிகால் வந்ததே 1959ல்தான். அதற்கு முன் வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுத்த பசையைக் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். வச்சிரம் போட்ட மூட்டு வெந்நீர் பட்டால் இளகிக் கழன்றுவரும்.

சரி, உங்கள் படங்கள்.

சாய்வு நாற்காலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம் மேற்குப் பகுதியில் சாருகசேர என்பார்களே, கை நீண்டு கால் போட வசதியாக இருக்கும், அதுதான். அந்த வடிவம் நீங்கள் சொல்லும் காலத்துக்கு ரொம்ப முந்தியது. ஆனால் கை நாற்காலிகள் இரண்டையும் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தடித்து, கீழே போகப் போகக் கூராகி, வெளிப்பக்கம் சரிந்து நிற்கும் கால்கள். எங்கள் ஊரில் அதைப் பென்சில் கால் என்போம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அது பிறந்ததை நான் பார்த்தேன்.

1964. எனக்கு ஏழு வயது. அப்பா ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து விளம்பரப் படம் ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார். கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு அந்தப் பெண்ணும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். “இந்தக் கால் மாதிரி வேணும்” என்று ஆசாரியிடம் நீட்டினார். புறவாசலில் நின்ற அயனி மரத்தை ஏற்கெனவே முறித்து, அறுத்துக் காயப்போட்டிருந்தது. ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலு நாலும் நாலு பக்கமா ஓடுதே. இந்தம்மைக்குச் சரி, உங்க மச்சினன் இருந்தா விரிஞ்சு போவும்” என்றார். மாமா நல்ல கனம்.

பன்னிரண்டு நாள் வேலை. கூலியும் மதியச் சாப்பாடும். படத்தில் இருந்த மாதிரியே கால்களைச் சீவினார். ஆனால் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரல் தடிமனில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்துவிட்டார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது, படத்தில் அது இல்லையே! மாமா வந்தார், உட்கார்ந்தார், ஒன்றும் ஆகவில்லை. அறுபது வருடம் தாண்டியும் ஆகவில்லை.

உங்கள் மூன்றாவது படத்தில் அதே குறுக்குச் சட்டம் தெரிகிறது. டென்மார்க்கிலோ அமெரிக்காவிலோ யாரோ வரைந்ததை எங்கோ பார்த்து, நம் ஊர் ஆள் ஒருவர் தன் புத்தியையும் சேர்த்துச் செய்த நாற்காலி அது. இது மிட் செஞ்சுரிதானா என்று எந்த வியாபாரியும் சான்றிதழ் தரமாட்டார். தராவிட்டால் போகட்டும். 85,000 ரூபாய் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இதில் தெரியும். நான் சேர்ப்பதாக இருந்தால் அந்தத் தெரிந்த நாற்காலிகளை மட்டும்தான் சேர்ப்பேன்.

டீப்பாய் பலகையை மாற்றவேண்டாம். (டீப்பாய்க்கும் தேநீருக்கும் சம்பந்தம் இல்லை. மூன்று கால் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டு டீப்பாய்க்கு எப்போதும் நான்கு கால்தான்.) ஜார்ஜ் நகாஷிமா என்று ஒரு பெரிய மரக்கலைஞர். 1930களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டிடத்துக்கு மேற்பார்வை பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் மேஜைகள் செய்து புகழ்பெற்றார். மரத்தில் வெடிப்பு இருந்தால் மறைக்கமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு துண்டு மரத்தைக் குறுக்கே பதித்து, மேலும் விரியாமல் பிடித்து நிறுத்தி, வெடிப்பை அப்படியே காட்டுவார். படம் வரைந்து காட்டுங்கள், நல்ல ஆசாரி அரைநாளில் செய்துவிடுவார்.

ரேடியோவை ஆசையில் ப்ளக்கில் செருகிவிடாதீர்கள். உள்ளே கப்பாசிட்டர் செத்திருக்கும், புகைதான் வரும்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. அது நல்ல கேள்வி. ஊரார் ஏன் தூக்கிப் போட்டார்கள்?

முதல் காரணம் மூட்டைப்பூச்சி. பிரம்புத் துளைகளில் குடும்பம் குடும்பமாக வாழும். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மண்ணெண்ணெய் தடவி வெயிலில் வைப்பது எங்கள் அம்மாவின் வேலை. ஒயர் நாற்காலி வந்தபோது அவள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

இன்னொரு காரணத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் ஊரில் நாற்காலி எல்லாருக்குமானதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்கே 1859 வரை அடிபட்ட மண் இது. நாற்காலி மட்டும் சும்மா கிடைத்துவிடுமா? எங்கள் திண்ணையிலேயே, யார் வந்தால் நாற்காலி, யார் வந்தால் பலகை, யார் வந்தால் முற்றத்தில் நிற்பது என்று எழுதாத சட்டம் இருந்தது. அந்த நாற்காலியைச் செய்த ஆசாரி ஒருநாளும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சரியாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை நீங்கள் அறிவீர்கள். 1948ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மலிவு விலை மரச்சாமான்களுக்காகவே ஒரு போட்டி வைத்தது. அதற்கு அவர்கள் செய்த ஒற்றை வார்ப்பு இருக்கைதான் 1950ல் கண்ணாடி இழையில் கடைக்கு வந்தது. நல்ல பொருள், குறைந்த விலையில், நிறையப் பேருக்கு. அதுதான் அவர்களின் நோக்கம். 1958ல் இந்திய அரசுக்கு அவர்கள் எழுதிய அறிக்கையிலும் ராஜாக்களின் சிம்மாசனத்தைக் கொண்டாடவில்லை. கொண்டாடியது லோட்டாவை, நம் செம்பை.

அந்த நோக்கம் இன்றைக்கு எங்கே நிறைவேறியிருக்கிறது என்று பார்த்தால், மார்த்தாண்டத்துக் கல்யாண மண்டபத்தில் அடுக்கிவைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில். யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரலாம். எனக்கு அதன் முகம் பிடிக்காது, வெயிலில் ஒட்டிக்கொள்ளும், இருந்தாலும் அதைக் குறைசொல்ல வாய் வருவதில்லை. ‘பெரிய வீட்டுப் பெருமை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள், நாற்காலியோடு சேர்த்து அதையும் பெங்களூருக்குக் கொண்டுபோங்கள். போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா உட்காரட்டும், பிள்ளைகள் ஏறிக் குதிக்கட்டும். குறுக்குச் சட்டம் தாங்கும்.

பெங்களூர்க் காற்று நம் ஊரைவிட வறண்டது. முதல் கோடையில் மூட்டுகள் கொஞ்சம் ஆடும். பயந்துபோய் ஆணி அடித்துவிடாதீர்கள். பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கமாக வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து நிழலில் காயவிடுங்கள், இறுகிவிடும். பாலிஷ் போட்டே ஆகவேண்டும் என்றால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மட்டும். சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம். ஆக்கர் கடைக்காரர் தரும் 6,000 ரூபாயோடு இன்னும் ஆயிரம் சேர்த்துக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒன்று விட்டுப்போயிற்று. நான்காவது படத்தில் ரேடியோவுக்குக் கீழே, சுவர் ஓரமாக ஒரு பெயிண்ட் டப்பா இருக்கிறது. அந்த டப்பா எதன் மேல் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அது ஒரு குரண்டி, தரையோடு ஒட்டி உட்காரும் சிறு மணை. பலாப்பலகை மாதிரித் தெரிகிறது, நடுவில் நன்றாகக் குழிந்திருக்கிறது. பாட்டா எதில் உட்கார்ந்தார் என்று எழுதினீர்கள். பாட்டி எதில் உட்கார்ந்தார் என்று உங்கள் அத்தையைக் கேட்டுப் பாருங்கள். லாரி வருவதற்கு முன்பே கேளுங்கள், அதை விறகோடு சேர்த்துவிடப் போகிறார்கள். அதற்குப் பாலிஷ் வேண்டாம்.

அன்புடன்
அண்ணாச்சி