வேலைக்குப் போகும் பெற்றோரின் கேள்விகள்: தாய்ப்பால், டிபன் பாக்ஸ், நைட் டியூட்டி, காய்ச்சல் நாள்

வேலை, குழந்தை, வீடு மூன்றையும் சேர்த்து நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். வந்தவற்றைப் படித்தால், பெரும்பாலான வீடுகளில் நாள் முழுக்கச் சிக்கல் இல்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை, பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வரும் வரை, குழந்தைக்கு உடம்பு முடியாத நாள் என்று மூன்று இடங்களில்தான் எல்லாம் உடைகிறது. முதலில் கவனிக்க வேண்டியவையும் இவைதான்.

கேள்வி: அக்கா, அடுத்த மாசம் என் 26 வார லீவு முடியுது. ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, போக வர ரெண்டரை மணி நேரம். பாப்பாவுக்கு அஞ்சரை மாசம் ஆகியிருக்கும், தாய்ப்பால் மட்டும்தான். எங்கம்மா பார்த்துக்குவாங்க. எவ்வளவு பால் எடுத்து வைக்கணும்? எப்படி வைக்கணும்?

முதலில் அளவு. ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மி.லி. குடிக்கும். மணிக்கு 30 முதல் 40 மி.லி. என்று வைத்தால், நீங்கள் வெளியே இருக்கும் பதினொன்றரை மணி நேரத்துக்கு 350 முதல் 460 மி.லி. வேண்டும். ஃப்ரீசர் நிறையச் சேர்க்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. முதல் நாளுக்கு உள்ளதும், கூட ஒரு நாளுக்கு உள்ளதும் போதும். அதற்குப் பிறகு இன்று ஆபீஸில் எடுப்பதை நாளைக்குக் கொடுக்கலாம்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தினமும் காலையில் பாப்பா குடித்த பிறகு ஒரு முறை எடுத்துப் பழகுங்கள். பலருக்குக் காலையில்தான் பால் அதிகம் இருக்கும். ஆபீஸ் நாளில் கிளம்புமுன் நேரடியாகக் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 10.30, 1.30, 4.30 போல, 15 முதல் 20 நிமிடம் எடுங்கள். ஒரு வேளையைத் தவறவிட்டால் அன்று மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். அதுவே தொடர்ந்தால் ஒரு வாரத்தில் சுரப்பு குறையும். பம்ப் வைக்கும்போது வலித்தால் அதன் வாய்ப்பகுதி உங்கள் அளவுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். அளவை மாற்றுங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் ஐஸ் பேக் போட்ட பையில் வையுங்கள். அந்தப் பையில் 24 மணி நேரம் இருக்கலாம். ஃப்ரிட்ஜில் நான்கு நாள், கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நல்லது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளேயே இருக்கும் சின்ன ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் குளிர் ஏறி இறங்கும். 60 அல்லது 90 மி.லி. பங்குகளாகப் பிரித்து, தேதி எழுதி வையுங்கள். புதிதாக எடுத்த சூடான பாலை, குளிர்ந்த பாலோடு அப்படியே ஊற்றக் கூடாது. தனியாகக் குளிரவைத்த பிறகு சேர்க்கலாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியவை: பாலை அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாட்டிலை நிறுத்தினால் போதும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும், அது கெட்டதல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்த பாலை உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. பாப்பா குடித்து மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாட்டிலை மறுத்தால் பாலாடையில் (மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வீடு வந்து சேர்வதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் கொடுக்காமல் இருந்தால், வந்தவுடன் பாப்பா நன்றாகக் குடிக்கும், உங்களுக்கும் பாரம் இறங்கும்.

சட்டத்திலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, மதிய இடைவேளை தவிர இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. திரும்புவதற்கு முன்பே, நேரம் குறிப்பிட்டு மேலாளருக்கு மெயில் அனுப்பி, காலண்டரில் அந்த நேரங்களைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: எடுத்து வைத்த பாலில் மறுநாள் சோப்பு வாசனை வருது. மாமியார் கெட்டுப்போச்சுன்னு கீழே கொட்டிட்டாங்க.

கொட்டியிருக்க வேண்டாம். சிலருடைய பாலில் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை வேகமாக உடைக்கும், அந்த வாசனை அதனால் வருவது. குழந்தைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சில குழந்தைகள் குடிக்க மறுக்கும். மறுத்தால் மட்டும், எடுத்தவுடன் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும் அளவுக்குச் சூடாக்கி (கொதிக்கக் கூடாது), குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்து உடனே ஆறவைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாசனை வந்த பிறகு சூடாக்கிப் பயனில்லை.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. குழந்தைக்கு ஒரு வயசு. கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் கேட்டால் "அதெல்லாம் பெரிய ஆபீஸுக்குத்தான்" என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் இதைச் சொன்னது, 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் உரிமை உண்டு. தனியாக நின்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சின்னக் குழந்தை உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து, குழந்தைகளின் வயதையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு 26 வார மகப்பேறு உதவி இ.எஸ்.ஐ. மூலமே வரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். அதனால் கர்ப்பம் தெரிந்தவுடன் உங்கள் பெயரில் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு பார்த்தால் காலம் கடந்திருக்கும். குழந்தைக்கு இரண்டு வயது ஆனதும் அங்கன்வாடியில் விடலாம், மதியச் சாப்பாடும் அங்கேயே.

கேள்வி: மதுரை. இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு 7 வயது, 4 வயது. 8.10-க்கு வேன். ஐந்து மணிக்கே எழுந்தாலும் தினமும் கத்தல்தான். இன்னும் சீக்கிரம் எழ வேண்டுமா?

வேண்டாம். காலைச் சிக்கலின் வேர் முந்தின ராத்திரியில் இருக்கிறது. நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், ஏழு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் வேண்டும். பத்தரைக்குத் தூங்கும் சின்னவனை ஆறே முக்காலுக்கு எழுப்பினால் அழத்தான் செய்வான். எட்டே முக்காலுக்கு விளக்கை அணையுங்கள். அதற்கு ஏழரைக்குள் சாப்பாடு முடிய வேண்டும். இரவுச் சாப்பாட்டை எளிதாக்கினால்தான் இது நடக்கும்.

இரவில் செய்ய வேண்டியவை: பருப்பை வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது, காய் நறுக்குவது, யூனிபார்ம், சாக்ஸ், ஐ.டி. கார்டு, பை எல்லாம் வாசல் பக்கம் ஒரே இடத்தில் வைப்பது, டைரியில் கையெழுத்து. பீன்ஸ், கேரட், கோஸ் ஆகியவற்றை நறுக்கி ஈரமில்லாமல் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கை முந்தின நாள் நறுக்காதீர்கள், கறுத்துவிடும். காலையில் குளியல்தான் இழுக்கிறது என்றால் சின்னவனை ராத்திரியே குளிப்பாட்டிவிடுங்கள்.

டிபன் பாக்ஸில் தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். இட்லி என்றால் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாதம், புளிசாதம் நன்றாகத் தாங்கும். தயிர்சாதம் புளிக்கிறது என்று சொல்பவர்கள் தயிரில் பிசைகிறார்கள். சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது சரியான பதத்தில் இருக்கும்.

இன்னொன்று, வேன் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதிப் பாருங்கள். 8.10 வேன், 8.00 செருப்பு, 7.35 சாப்பாடு, 7.15 உடுப்பு, 6.50 எழுப்புதல். நான்கு வயதுப் பிள்ளை சாப்பிட இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதைப் பத்து நிமிடமாக நினைத்துத் திட்டமிடுவதால்தான் கத்தல் வருகிறது. அந்த இருபத்தைந்து நிமிடமும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும், மற்றவர் சமையலறையில் இருக்கட்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கே மாவு அரைக்கிறேன். புதன்கிழமையே புளித்துவிடுகிறது. திருச்சி வெயில் காரணமா?

வெயிலும் காரணம், முழுக் காரணம் அதுவல்ல. ஒரே பெரிய தூக்கில் வைத்து தினமும் வெளியே எடுத்து, கரண்டி விட்டு, திரும்ப வைப்பதுதான் முக்கியக் காரணம். ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஏறக்குறைய 60 முதல் 70 இட்லிக்கு வரும். அரைத்தவுடன் இரண்டாகப் பிரியுங்கள். திங்கள், செவ்வாய்க்கு உள்ளதை மட்டும் உப்புப் போட்டு வெளியே புளிக்க விடுங்கள். மீதியை உப்புப் போடாமல், புளிக்க விடாமல், உடனே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். அதைச் செவ்வாய் ராத்திரி வெளியே எடுத்து உப்புப் போட்டால் புதன் காலை பொங்கி நிற்கும். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், படுக்கப் போகும்போது எடுத்தால் போதும். கிரைண்டர் சூடாகி மாவு வெதுவெதுப்பாக இருந்தாலும் வேகமாகப் புளிக்கும், உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். வெள்ளிக்கிழமை மாவு கொஞ்சம் புளித்திருந்தால் வெங்காயம் போட்டுப் பணியாரம் ஆக்கிவிடலாம்.

கேள்வி: நான் கணவர். உதவி செய்யத் தயாராகத்தான் இருக்கிறேன். என்ன செய்யணும்னு கேட்டால், "அதையும் நானே சொல்லணுமா" என்று மனைவி கோபப்படுகிறார். என்ன தப்பு செய்கிறேன்?

தம்பி, கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. இது கையால் செய்யும் வேலையின் கணக்கு. எது எப்போது தீரும், எந்தத் தேதிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும், எந்த ஷூ சிறியதாகிவிட்டது என்று நினைவில் வைத்திருக்கும் வேலை அதில் சேராது. நீங்கள் "என்ன செய்யணும்" என்று கேட்கும்போது செய்யும் வேலை உங்களுக்கு வருகிறது, நினைவு வைக்கும் வேலை அவரிடமே இருக்கிறது. கோபம் அங்கிருந்துதான்.

அதனால் தனித்தனி வேலையாக வாங்காமல் ஒரு துறையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி என்று எடுத்தால்: தினமும் டைரி பார்ப்பது, ஃபீஸ் தேதி, யூனிபார்ம் துவைத்து இஸ்திரி, வேன் டிரைவர் நம்பர், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு லீவு போடுவது, பிறந்தநாள் கலர் டிரஸ் எந்த நாள் என்பது வரை எல்லாம் உங்களுடையது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பர் இருக்க வேண்டும். ஆசிரியர் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும். மளிகையும் கேஸும் என்றால், சிலிண்டரை மாற்றிய அன்றே அடுத்ததைப் பதிவு செய்வதும், துவரம்பருப்பு கால் டப்பாவுக்கு வந்ததைக் கவனிப்பதும் சேர்ந்ததுதான்.

ஒப்படைக்கும்போது இருவரும் உட்கார்ந்து "முடிந்தது என்றால் என்ன" என்று பேசுங்கள். துணி துவைப்பது என்றால் மெஷினில் போடுவதோடு முடிகிறதா, மடித்து அலமாரியில் வைப்பதோடு முடிகிறதா? பெரும்பாலான சண்டை இந்த இடைவெளியில் வருகிறது. முதல் இரண்டு வாரம் உங்கள் மனைவி திருத்தவோ நினைவூட்டவோ கூடாது, ஒரு நாள் சாக்ஸ் ஈரமாகவே போனாலும் பரவாயில்லை. இது அவருக்குக் கஷ்டமாக இருக்கும். இடையில் வாங்கிக்கொண்டுவிட்டால் மறுபடி எல்லாம் அவர் தலையில்தான்.

கேள்வி: ஸ்டாஃப் நர்ஸ். இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி. வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளை. தூக்கமே இல்லை.

வந்ததும் அடுப்பைத் தொடாதீர்கள். குளித்து, லேசாகச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குள் படுங்கள். "இதை மட்டும் முடித்துவிட்டு" என்று பதினொன்று ஆக்கினால், உடல் விழிப்புக்குத் திரும்பிவிடும், பிறகு இரண்டு மணி நேரம்கூடத் தூக்கம் வராது. இரண்டு, இரண்டரை வரை தூங்கி, டியூட்டிக்குக் கிளம்புமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வையாவது கட்டுங்கள். காபி இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். நைட் டியூட்டி வாரத்தில் பிள்ளையைக் காலையில் கிளப்புவது வேறொருவர் பொறுப்பு, அதற்கான குழம்பையும் காயையும் முந்தின நாள் மதியமே முடித்துவிடலாம். கடைசி இரவு முடிந்த அன்று பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிட்டால் அன்றிரவு ஒன்பதரைக்கு எல்லாரோடும் தூங்கலாம். நைட் முடித்து ஸ்கூட்டி ஓட்டி வராதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், இல்லை யாரையாவது அழைத்துப்போகச் சொல்லுங்கள். கண் சொக்குவது நமக்கே தெரியாது.

கேள்வி: பையன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஏழரைக்கே நான் கிளம்பணும். காலைச் சாப்பாடு ஊட்ட நேரமில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்று கேட்டு, அதற்கு முன் போய்ச் சேரப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அனுப்புங்கள். வீட்டில் ஒரு டம்ளர் பால் போதும்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. 3.45-க்கு வருவாள், நாங்கள் வர ஆறரை. தனியாக விடலாமா?

அவள் பயப்படாமல் இருந்தால், பக்கத்தில் பழகிய ஒரு வீடு இருந்தால், விடலாம். ஒரேயடியாக விடாமல், முதல் வாரம் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். அடுப்பு தேவைப்படாத தின்பண்டம் வையுங்கள்: சுண்டல், வாழைப்பழம், கடலை உருண்டை. வந்தவுடன் ஒரு போன், பிறகு ஐந்து மணிக்கு ஒன்று. யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது, கூரியர் என்றாலும் சரி. உங்கள் இருவர் எண், பக்கத்து வீட்டு எண், குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போன் சார்ஜ் இல்லாத நாளும் வரும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. சின்னத் தம்பி தங்கை இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் இவள் தலையில் வைக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல், லீவு கிடைக்கவில்லை. அத்தையிடம் விட்டுப் போகணும். எதைக் கவனிக்கணும்?

பாராசிட்டமால் சிரப்பில்தான் பெரிய தவறு நடக்கும். ஒரு பாட்டிலில் 5 மி.லி.-க்கு 120 அல்லது 125 மி.கி. மருந்து, இன்னொன்றில் அதே 5 மி.லி.-க்கு 250 மி.கி. அட்டைப்பெட்டி ஒரே மாதிரி இருக்கும். "போன தடவை 5 கொடுத்தோம்" என்று மாற்றிக் கொடுத்தால் இரட்டிப்பு அளவு போய்விடும். வீட்டில் ஒரே வகைப் பாட்டில் மட்டும் வையுங்கள், மற்றதை அப்புறப்படுத்துங்கள். இப்போதைய எடைக்கு எத்தனை மி.லி. என்று மருத்துவரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியோ சிரிஞ்சோதான். ஒரு தாளில் "கொடுத்த நேரம்", "காய்ச்சல் எவ்வளவு", "சிறுநீர் போனது" என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள், அத்தை அதில் குறித்தால் போதும். இரண்டு டோஸ்களுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினால் எழவில்லை, மூச்சு வாங்குகிறது, வலிப்பு வந்தது, இவற்றில் எது நடந்தாலும் உங்களுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். ஆட்டோக்காரர் நம்பரையும் கையில் பணத்தையும் காலையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பதே கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நாளில் லீவு கேட்கத் தயங்காதீர்கள்.