டியூப் லைட்டுக்கு வரும் 'எறும்பு வண்டு': என்ன பூச்சி, என்ன பெயர் எழுதுவது?

கேள்வி: தை அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டதிலிருந்து, பொழுது சாய்ந்தால் டியூப் லைட்டைச் சுற்றி எறும்பு மாதிரி ஒரு பொடிப் பூச்சி வருகிறது. கழுத்துப் பக்கம் சிவப்பு, பின்பக்கம் கருப்பு. நெல் மூட்டைக்கு அடியிலும் ஓடுகிறது. உடம்பில் பட்டால் கொப்புளம் போடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நெல்லைத் தின்னுமா? வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைப் பூச்சிப் பெட்டியில் வைக்கப் போகிறாளாம். என்ன பெயர் எழுத வேண்டும்? போட்டோ அனுப்பியிருக்கிறேன். (மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கொப்புளம் போடும் பூச்சி வேறு, இது வேறு. போட்டோவில் இருப்பது ஆந்திசிடே குடும்பத்தைச் சேர்ந்த வண்டு. பூச்சியியலில் 'எறும்பு போன்ற பூ வண்டுகள்' என்று சொல்லும் கூட்டம் இது. உலகம் முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை அரிசி மணியைவிடச் சிறியவை. பெயரில் பூ இருந்தாலும், பூவில் பார்ப்பதைவிட மட்கும் சருகிலும் மணலிலும் வைக்கோல் அடியிலும்தான் அதிகம் பார்க்கலாம்.

முதலில் கொப்புளப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பக்கத்து வீட்டார் சொல்வது பேடெரஸ் என்ற ரோவ் வண்டாக இருக்கும். அதுவும் நெல் வயலில் இருப்பது, விளக்குக்கு வருவது, ஒல்லியாக எறும்புச் சாயலில் இருப்பது, ஆரஞ்சும் கருப்பும் கலந்தது. குழப்பம் வருவது நியாயம்தான். ஆனால் பேடெரஸ் இதைப்போல இரண்டு மடங்கு நீளம், சுமார் 7 மி.மீ. இருக்கும். அதன் இறக்கை உறை (முதுகில் இறக்கையை மூடும் கடின மூடி) நீலம் மினுங்கும், ரொம்பக் குட்டையானது. அதற்குப் பின்னால் வயிற்றுப் பகுதி முழுக்க வெளியே தெரியும், அதைத் தூக்கி வளைத்துக்கொண்டு ஓடும். உங்கள் பூச்சிக்கு உறை வயிற்றை முழுதாக மூடியிருக்கிறது. பேடெரஸைத் தோலில் வைத்து நசுக்கினால்தான் பெடெரின் என்ற நஞ்சு வெளிவந்து, ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் வரும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதையும் கண்டபடி கொல்ல வேண்டியதில்லை. வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்று உங்களுக்கு உதவுவது அதுதான்.

சரி, எறும்பு இல்லை என்று எப்படித் தெரியும்? உணர்கொம்பைப் பாருங்கள். எறும்புக்கு அடிக்கணு நீண்டு, பிறகு முழங்கை மடக்கினது போல வளையும். இந்த வண்டுக்கு 11 கணுக்கள் மணி கோத்தது போல வரிசையாக இருக்கும், மடிப்பு கிடையாது. அடுத்து, எறும்பின் குறுகல் இடுப்பில் இருக்கும். இதற்குக் குறுகல் தலைக்குப் பின்னால், கழுத்தில். முதுகில் இரண்டு கடின உறைகள் நடுக்கோட்டில் சேர்வதும் தெரிந்துவிட்டால் வண்டு என்று முடிவு செய்துவிடலாம்.

குடும்பத்தை உறுதி செய்ய மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் தலை சட்டென்று ஒடுங்கி மெல்லிய கழுத்தாகிறதா? முன்மார்பு (கழுத்தை அடுத்துள்ள பகுதி) இறக்கை உறையைவிடத் தெளிவாகக் குறுகலா? பாதத்தில் எத்தனை கணு? இந்தக் கடைசிக் கணக்குதான் மாணவர்கள் தாண்டிவிடுவது. முன்காலில் 5, நடுக்காலில் 5, பின்காலில் 4 என்று வர வேண்டும். பின்காலிலும் 5 வந்தால் வேறு குடும்பத்தைத் தேடுங்கள். 10 மடங்கு கைலென்ஸில் இது சிரமம். கல்லூரி நுண்ணோக்கியில், பூச்சியை மல்லாக்கப் போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் பேரினம், அதாவது குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி. நிறத்தை நம்பினால் இங்கேதான் கவிழ்ந்துவிடுவோம். ஒரே இனத்தில் கருப்பும் பழுப்பும் இருக்கும், கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டு வெளிறித் தெரியும். உடல் வடிவம்தான் சாட்சி. முன்மார்பிலிருந்து ஒரு கொம்பு முன்னோக்கி நீண்டு தலைக்கு மேல் நின்றால் அது நோடாக்ஸஸ் அல்லது மெசினோடார்சஸ். ஆணின் முன்தொடையில் முள் போன்ற துருத்தல் இருந்து, இறக்கை உறை எறும்பின் வயிறு போலப் புடைத்திருந்தால் ஆந்தெலெஃபிலா. பழைய நூல்களில் இதையே ஃபார்மிகோமஸ் என்று போட்டிருப்பார்கள். உங்கள் போட்டோவில் கொம்பும் இல்லை, தொடை முள்ளும் இல்லை. நீளம் சுமார் 3 மி.மீ., வைக்கோலிலும் மூட்டை அடியிலும் வாசம், முன்மார்பு செம்பழுப்பு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓமோனாடஸ் பேரினம் என்றே படுகிறது.

இந்தப் பேரினத்தில் மனிதரோடு சேர்ந்து உலகம் சுற்றியவை இரண்டு: ஓமோனாடஸ் ஃப்ளோராலிஸ், ஓமோனாடஸ் ஃபார்மிகாரியஸ். இரண்டும் எருக்குழி, வைக்கோல், தானியக் கிடங்கு என்று ஒரே மாதிரி இடங்களில் இருப்பவை, தூரத்தில் பார்த்தால் ஒன்று போலவே தெரிபவை. பிரித்தறிய முன்மார்பின் முன்விளிம்பைப் பாருங்கள். ஃப்ளோராலிஸுக்கு அங்கே நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள் இருக்கும். மேலிருந்து நேராக வெளிச்சம் அடித்தால் அவை காணாமல் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் நிழல் விழுந்து தெரியும். உங்கள் போட்டோ ஃபிளாஷ் போட்டு எடுத்தது என்பதால் அந்த இடம் வெறும் வெளிச்சப் புள்ளியாக இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு இனப்பெயர் எழுத வேண்டாம். ஆசியாவில் இந்தப் பேரினத்துக்கு வேறு இனங்களும் உண்டு. அதனால் புடைப்பு தெரிந்தாலும், ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்து நிபுணர் ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் முழு உறுதி.

நெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். இது மணியைத் துளைக்கும் வண்டு இல்லை. பூஞ்சணம், செத்த பூச்சி, மட்கும் பொருள் இவைதான் இதன் சாப்பாடு. மூட்டைக்கு அடியில் நிறைய ஓடுகிறது என்றால் அங்கே ஈரமும் பூஞ்சணமும் இருக்கிறது என்று பொருள். மருந்து அடிக்காதீர்கள். மூட்டையை மரச்சட்டத்தின் மேல் ஏற்றுங்கள், நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மறுபடி காயப் போடுங்கள். ஒருவேளை மூட்டையில் இருப்பவை தட்டையாக, முன்மார்பின் இரு ஓரத்திலும் ஆறாறு பல்லோடு இருந்தால் அது இரம்பப் பல் வண்டு. அதற்குக் கழுத்தும் இப்படி ஒடுங்கியிருக்காது. நீண்ட மூக்கு இருந்தால் அரிசி வண்டு. அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

இனி மகளுக்கு. இவ்வளவு சின்ன வண்டின் மேல் ஊசி குத்தினால் ஒன்றும் மிஞ்சாது. கெட்டி அட்டையில் ஒரு குறுகிய முக்கோணம் வெட்டி, ஊசியை அதன் அகலமான பக்கத்தில் குத்தி, கூர்நுனியைச் சற்று மடக்கி, அதில் துளி பசை வைத்து வண்டின் வலது பக்கத்தை ஒட்ட வேண்டும். நீரில் கரையும் பசையாக இருக்கட்டும். பிறகு கழற்றிப் பார்க்க நேரும். எட்டுப் பத்து வண்டுகளை 70 சதவீத ஆல்கஹாலில் தனியே போட்டு வைக்கட்டும். அவற்றில் ஆணும் பெண்ணும் இருந்தால் நல்லது.

விவரணை எழுதும்போது முன்னாலிருந்து பின்னால் போவது வழக்கம். அளவு, பொது நிறம், தலையின் வடிவம், கண், உணர்கொம்பு, முன்மார்பு, இறக்கை உறை, கால். 'அழகான', 'மிகச் சிறிய' போன்ற சொற்களால் பயனில்லை. உங்கள் போட்டோவை வைத்து நான் இப்படி எழுதுவேன்: "நீளம் சுமார் 3 மி.மீ. தலை கருப்பு, கண்ணுக்குப் பின் ஒடுங்கிய கழுத்து. உணர்கொம்பு பழுப்பு, நுனிக் கணுக்கள் சற்றே தடித்தவை. முன்மார்பு செம்பழுப்பு, முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகியது. இறக்கை உறை கரும்பழுப்பு, தோள் அருகே வெளிறியது, குறும்மயிர் படிந்தது." நிறத்தைவிட 'அகன்று குறுகியது' என்ற வரிதான் பார்ப்பவருக்கு உதவும்.

ஒரு உபகதை, தேர்வுக்கு வராது. கொப்புள வண்டுகள் (பேடெரஸ் அல்ல, வேறொரு குடும்பம்) சுரக்கும் நஞ்சான காந்தாரிடினை இந்தக் குடும்பத்தின் பல இனங்கள் தேடி வரும், செத்த கொப்புள வண்டின் மேல் மொய்க்கும். ஐரோப்பாவின் நோடாக்ஸஸ் மோனோசெரோஸில், இப்படிச் சேர்த்த நஞ்சை ஆண் கலவியின்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. இதனால் சேகரிப்பாளர்கள் காந்தாரிடினையே தூண்டில் இரையாக வைப்பதுண்டு.

லேபிள் இரண்டு வேண்டும். மேலே உள்ளதில் ஊர், மாவட்டம், தேதி, 'வைக்கோல் போர், விளக்கொளியில்' என்ற குறிப்பு, பிடித்தவர் பெயர். கீழே உள்ளதில் இனப்பெயரும் அடையாளம் கண்டவர் பெயரும் ஆண்டும். புடைப்பு தெரிந்து நிபுணரும் ஒப்புக்கொள்ளும்வரை 'ஓமோனாடஸ் இனம்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையாது, குறையவும் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகு 'ஓமோனாடஸ் ஃப்ளோராலிஸ் (லின்னேயஸ், 1758)' என்று எழுதலாம். அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது. லின்னேயஸ் இதை மெலோயி என்ற வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகுதான் இடம் மாறியது என்பதை அந்த வளைவுக் கோடு இரண்டும் சொல்கின்றன. ஆல்கஹாலில் போட்ட வண்டுகளைக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ காட்டலாம். போகும்போது இடமும் தேதியும் எழுதிய சீட்டை, பென்சிலில் எழுதி, குப்பிக்கு உள்ளேயே போட்டு எடுத்துச் செல்லட்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.