நாய்க்குச் சிலை வைக்க ஒன்றரை லட்சம்: இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 1,12,000 ரூபாய் வருகிறது. வாடகை 28,000. சர்ஜாபூர் பக்கம் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டுக்கு மாதத் தவணை 31,000. அடுத்த வருடம் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். கிரெடிட் கார்டுக்குக் கட்டுவதைத் தவிர மற்ற எல்லாச் செலவும் போக 18,000 மிஞ்சும்.

13 வருடம் எங்களோடு இருந்த லாப்ரடார் மணி, போன மாதம் சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டான். வைத்தியச் செலவையெல்லாம் கார்டில் தேய்த்தோம். 84,000 பாக்கி நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டுகிறோம். ஃபிக்ஸட் டெபாசிட்டில் 2,40,000 இருக்கிறது. வீட்டு முன் தோட்டத்தில் மணியின் அளவிலேயே ஒரு கிரானைட் சிலை வைத்து, அஸ்தியை அதன் அடியில் வைக்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை. ஓசூர் ரோட்டில் ஒரு கடையில் 1,45,000 சொல்கிறார்கள். 12 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டாம். ‘கல் விலை ஏறிக்கிட்டேதான் போகும், இதுவும் முதலீடுதான்’ என்கிறார் கடைக்காரர். ஃபைபரில் அதே அளவு 38,000. முன்பணமாக 5,000 கொடுத்துவிட்டோம். மாமியாரோ நாய்ச் சிலை வீட்டுக்கு ஆகாது என்கிறார். வீட்டில் ஐந்து வயதுப் பூனை ஒன்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சிலை வையுங்கள். 1,45,000 ரூபாய்க்கு வேண்டாம், இ.எம்.ஐ.யில் வேண்டாம், இந்த மாதமும் வேண்டாம்.

முதலில் அந்தக் கார்டைப் பார்ப்போம். பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 84,000-க்கு அது 2,940 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் மாதம் சுமார் 3,470. மினிமம் என்று நீங்கள் கட்டுவது ஐந்து சதவீதம் என்றால் 4,200. அதாவது கட்டுகிற பணத்தில் 730 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அதே 84,000 டெபாசிட்டில் கிடந்தால் மாதம் 500 ரூபாய்கூட சம்பாதித்துத் தராது. ஒரு கையில் 500 வாங்கிக்கொண்டு மறு கையால் 3,470 கொடுக்கிறீர்கள்.

ஆகவே நாளைக்கே வங்கிக்குப் போய் டெபாசிட்டில் 84,000-ஐ மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் முழுவதையும் முறித்து, கார்டை அடைத்துவிட்டு, மீதி 1,56,000-ஐ மறுபடி டெபாசிட்டில் போடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டியில் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். கார்டு ஒரு மாதத்தில் பிடுங்குவதை விட அது குறைவுதான்.

இப்போது மிஞ்சுகிற 1,56,000 உங்கள் அவசர காலப் பணம். உங்கள் வீட்டுச் செலவு மாதம் 94,000. இரண்டு மாதத்துக்கே காணாது. தனியார் வேலை, கட்டி முடியாத ஃப்ளாட், வாடகையும் தவணையும் ஒன்றாக ஓடுகிற காலம். இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட கல்லுக்குப் போகக் கூடாது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. பெயர் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். வட்டி பொருளின் விலைக்குள் இருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய தள்ளுபடியில் இருக்கும். அந்த வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி., அப்புறம் பிராசஸிங் கட்டணம் என்று பில்லில் தனியாகவும் வரும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுப் பணத்தையும் இப்பவே கொடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?” வருகிற வித்தியாசம்தான் ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட். இன்னொன்றும் இருக்கிறது. மாதத் தவணை 12,084, கார்டு மினிமம் 4,200. இரண்டும் போனால் 18,000-இல் 1,716 மிஞ்சும். பூனைக்கு ஒரு தடுப்பூசி வந்தால் திரும்ப கார்டுதான்.

முதலீடு என்று சொன்ன கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், விற்பது அவர் தொழில். ஆனால் மணி என்று பெயர் வெட்டிய நாய்ச் சிலையை உங்களிடமிருந்து யார் வாங்குவார்? கிரானைட் சிலையில் கல்லின் விலை சின்னப் பங்கு, மீதி செதுக்கு கூலி. கூலியைத் திரும்ப விற்க முடியாது. பித்தளை என்றாலாவது எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். இது செலவு, பிரியத்துக்குச் செய்கிற செலவு என்று ஒத்துக்கொண்டு செய்யுங்கள். அதில் தப்பே இல்லை.

சரி, எவ்வளவுக்குச் செய்யலாம்? கார்டு அடைந்ததும் 18,000 முழுதாகக் கையில் நிற்கும். பாதி டெபாசிட்டுக்கு. மீதி 9,000-ஐ மூன்று நான்கு மாதம் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். 27,000-லிருந்து 36,000 சேரும். அதற்குள் முடிகிற சிலைதான் உங்கள் சிலை.

அந்தத் தொகையில் நல்லதாகவே கிடைக்கும், ஆனால் முதலில் இடத்தை யோசிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் சிலையின் விலை இருக்கிறது, கடன் இருக்கிறது, மாமியார் இருக்கிறார். தோட்டம் யாருடையது என்பது மட்டும் இல்லை. அது வீட்டு உரிமையாளருடையது. சிமென்ட் பீடம் கட்டி அஸ்தியையும் அதில் வைத்துவிட்டு அடுத்த வருடம் காலி செய்யும்போது என்ன செய்வீர்கள்? பீடத்தை உடைத்தால் அட்வான்ஸில் கழிப்பார். உடைக்காவிட்டால் மணி அங்கேயே இருப்பான், நீங்கள் சர்ஜாபூரில் இருப்பீர்கள். புது ஃப்ளாட்டிலும் தோட்டம் என்பது எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு பூந்தொட்டியைக்கூட நிரந்தரமாக வைக்க முடியாது. தரைத்தளத்துக்காரர்களுக்கு ‘தனித் தோட்டம்’ என்று விற்பதும் பல இடங்களில் வெறும் பயன்பாட்டு உரிமைதான், கிரயப் பத்திரத்தைப் படித்தால் தெரியும். உங்களுக்கு மிஞ்சப்போவது பால்கனி.

ஆகவே, இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடிய சிலைதான் உங்களுக்குச் சரி. கிரானைட் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. உட்கார்ந்திருக்கும் லாப்ரடாரை அசல் அளவில் செதுக்கினால் பீடத்தோடு 200 கிலோ வரும். அதை ஏற்றி இறக்க நான்கைந்து ஆள் வேண்டும், பால்கனியில் வைப்பதற்கு முன் பொறியாளரைக் கேட்க வேண்டும். உயரத்தைப் பாதியாக்கினால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். சுமார் 25 கிலோ. விலை எட்டில் ஒன்றாகக் குறையாது, முகம் செதுக்குகிற வேலை சின்னதிலும் அதேதான். ஆனால் நன்றாகவே குறையும். ஒன்றேகால் அடி உயரம் போதும். தொட்டிச் செடிகளுக்கு நடுவே வைத்தால் அது சின்னதாகத் தெரியாது.

ஃபைபர் 38,000 என்கிறீர்கள். வெயிலில் நிற்கிற ஃபைபர் சில வருடத்தில் வெளுக்கும், மஞ்சளிக்கும், பெயின்ட் உரியும். மறு பெயின்ட் அடிக்கிறவர் மணியின் கண்ணை எப்படி வரைவார் என்பது அவர் கையில் இருக்கிறது. சிமென்ட் சிலை மலிவு, ஆனால் உள்ளே இருக்கும் கம்பியில் ஈரம் இறங்கித் துருப்பிடித்தால் கால் பக்கம் விரிசல் விடும். மார்பிள் நிழலில்தான் அழகு. மழையும் எலுமிச்சைச் சாறும் பட்டால் பளபளப்பு போய்விடும். ‘மார்பிள்’ என்று சொல்லி விற்பதில் நிறைய, மார்பிள் தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. தூக்கிப் பாருங்கள், அளவுக்கு எடை இருக்காது. அடியைத் திருப்பினால் அச்சு ஓரத்தின் கோடும், சில சமயம் காற்றுக் குமிழி ஓட்டைகளும் தெரியும். மாக்கல் செதுக்க எளிது, அதனால் முகபாவம் நன்றாக வரும். நகத்தாலேயே கீறலாம் என்பதால் திறந்தவெளிக்கு ஆகாது. பாட்டரி டவுனில் கிடைக்கிற சுடுமண் பொம்மைகள் எனக்குப் பிடிக்கும். பெங்களூருவில் உறைபனி இல்லாததால் வெடிக்காது, பாசி மட்டும் பிடிக்கும். பூனை தள்ளிவிடாத இடமாக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது கிரானைட்தான், கருங்கல்லே நல்லது. லால்பாக் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருடம், இன்னும் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடக்கிறது. இந்த ஊர்க் கல்லுக்குப் பராமரிப்புச் செலவு என்று ஒன்று கிடையாது. தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

கடைக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில் இருக்கும் சிவாரபட்டணத்துக்குப் போய் வாருங்கள். தலைமுறையாகக் கல் செதுக்கும் ஊர். பெரும்பாலும் சாமி சிலைகள்தான் செய்கிறார்கள், அதனால் நாய் முகம் எல்லோருக்கும் வராது. நந்தியோ குதிரையோ செய்து வைத்திருப்பவரிடம் பேசுங்கள். மணியின் புகைப்படங்களில் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காது மடிந்திருப்பது தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துப் போங்கள். ஜாடை சரியாக வருமா என்று சந்தேகம் இருந்தால் சிலையையே விட்டுவிடலாம். ஜிகணி பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கறுப்புப் பலகைகளின் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். ஒன்றரை அடித் துண்டு ஒன்றைப் பாலிஷ் போட்டு, புகைப்படத்தை லேசரில் பொறித்து, கீழே பெயரைத் தமிழில் வெட்டச் சொன்னால், முகம் மணியின் முகமாகவே இருக்கும். செலவும் சிலையில் ஒரு பகுதிதான் ஆகும். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி, ஆனால் உங்கள் கணவர் தொட்டுத் தடவ ஒரு உருவம் வேண்டும் என்று நினைக்கலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: என்ன கல், எத்தனை அங்குலம், பீடம் விலையில் சேர்த்தியா, எழுத்துக்குத் தனிக் காசா, கொண்டுவந்து இறக்குவது யார் பொறுப்பு, வழியில் காது உடைந்தால் யார் நஷ்டம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். பாலிஷ் ஏறிய பிறகு மூக்கைத் திருத்தச் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள்.

அஸ்தியை மண்ணில் வைக்காமல் மூடி போட்ட சின்னக் கலயத்தில் பீடத்துக்குள் குழி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் போகிற இடமெல்லாம் வரும். செடிக்குப் போடுவதானால் ஒரு கைப்பிடிக்கு ஒரு தொட்டி மண் கலக்க வேண்டும். சாம்பலில் உப்பும் காரமும் அதிகம், அப்படியே கொட்டினால் செடி பட்டுப்போகும்.

மாமியார் விஷயம் என் இலாகா இல்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. சிவன் கோயில் பைரவர் பக்கத்தில் நிற்பது யார் என்று அவரிடமே கேளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்றில் எஜமானுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாயும் பெயரோடு நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கஸ்தூரிபா ரோட்டில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். மண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து கொண்டுவந்த கல் அங்கே இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்த செய்தியைச் சொல்லும் அதே கல், பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கும் நினைவுக்கல். 949-ஐ ஒட்டிய காலம். ஒரு நிதி ஆலோசகனாக எனக்குப் பிடித்தது வேறு: கல்லை நட்டதோடு விடாமல், அதன் பூசைக்கு நிலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்கு வழி பண்ணிவிட்டுத்தான் நட்டிருக்கிறார்கள், இ.எம்.ஐ. போட்டு நடவில்லை.

பூனையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கடனில் தள்ளியது சிலை இல்லையே, வைத்தியச் செலவுதானே? பூனைக்கு இப்போதே மாதம் 1,500 ரூபாயில் ஒரு ஆர்.டி., அதாவது மாதாமாதம் போடுகிற டெபாசிட், தொடங்குங்கள். இன்ஷூரன்ஸும் விசாரியுங்கள். வயது ஏறினால் செல்லப் பிராணிகளைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் தர மாட்டார்கள், ஐந்து வயதில் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக அந்த 5,000. அதைக் காப்பாற்றுவதற்காக 1,40,000 கொடுக்காதீர்கள். இன்றைக்கே கடைக்கு போன் பண்ணி, “பெரிய சிலை வேண்டாம், செதுக்க ஆரம்பிக்காதீங்க” என்று சொல்லுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். கல் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், இல்லையென்றால் சின்ன சிலைக்கு அட்ஜஸ்ட் பண்ணுவார்கள். இரண்டுக்கும் மறுத்தால் 5,000 போகட்டும், கார்டின் ஒன்றரை மாத வட்டிதான் அது.