எந்தச் சுப்பிரமணியம்?

கடிதம்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

என் பெயர் சுப்பிரமணியம். ஜொகூரில் லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டினேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் பேரனோடு உட்கார்ந்து நம் மலேசிய வீராங்கனை சிவசங்கரி ஆடிய ஸ்குவாஷ் ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். வர்ணனை செய்த வெள்ளைக்காரர் நிமிடத்துக்கு ஒரு தடவை "சுப்ரமணியம், சுப்ரமணியம்" என்கிறார். பேரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தாத்தா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான்: "ஃபுட்பால் ஆடின குணாளனும் சுப்பிரமணியம்தானே, ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மருமகள் இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள். இந்தப் பெயர்க் குழப்பமே வேண்டாம், சீனர்கள் மாதிரி நமக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கட்டும், பிறக்கப்போகும் பிள்ளையிலிருந்து "சுப்பிரமணியம்" என்றே வைத்துவிடலாம் என்கிறான் மகன். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சுப்பிரமணியம், லாபிஸ்

பதில்:

அன்புள்ள சுப்பிரமணியம் ஐயா,

பேரனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை. எஸ். குணாளன் நெகிரி செம்பிலான், பஹாவ்காரர். எஸ். சிவசங்கரி கெடா, சுங்கைப்பட்டாணிப் பெண். இரண்டு பேருடைய அப்பாவுக்கும் சுப்பிரமணியம் என்று பெயர், அதோடு சரி. பத்துமலைக்குக் காவடி எடுத்த குடும்பங்களைக் கணக்கெடுத்தால் வீட்டுக்கு ஒரு சுப்பிரமணியமாவது தேறுவார். முருகன் செய்த வேலைக்கு ஸ்குவாஷ் வர்ணனையாளர் என்ன செய்வார், பாவம்.

குணாளனை உங்கள் பேரன் ஜொகூர் சட்டையில்தான் பார்த்திருப்பான். 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோது இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசியக் கால்பந்தின் சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தோமே, அந்த அணியிலும் அவர் இருந்தார். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் மோசமாக அடிபட்டவர். மறு வருஷமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 2024இல் லண்டன் கிளாசிக் போட்டியை வென்றார். இவ்வளவையும் செய்த பெண்ணை உலகம் அவருடைய அப்பா பெயரால் கூப்பிடுகிறது. பேரன் சிரித்தது நியாயம்தான்.

நீங்கள் பால் வெட்டியவர் என்பதால் இதைச் சொன்னால் உடனே பிடிபடும். நான் பிறந்த தோட்டத்தில் மூன்று முனுசாமிகள் இருந்தார்கள். விடிவதற்கு முன்னால் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டை விரித்துப் பெயர் வாசிப்பார். "முனுசாமி" என்றதும் மூன்று மூலையிலிருந்தும் "ஐயா" என்று குரல் வரும். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி. முனுசாமி ஒன்று, முனுசாமி இரண்டு, முனுசாமி மூன்று என்று போட்டுக்கொண்டார். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்களுக்கு அந்த எண் தேவைப்படவில்லை. ரப்பர் ஸ்டோரில் ஷீட் அடித்தவர் ஸ்டோர் முனுசாமி. இன்னொருவர் நெட்டை முனுசாமி. அவர் ஒன்றும் அப்படி உயரமில்லை, மற்ற இரண்டு பேரும் குட்டை. மூன்றாவது ஆள் என் அப்பா. சீட்டு எடுத்து லயத்திலேயே முதல் ரேடியோ வாங்கியதால் ரேடியோ முனுசாமி ஆனார். சாயங்காலமானால் எங்கள் வாசலில் பத்துப் பேர் குந்தியிருப்பார்கள். நானும் தம்பியும் "ரேடியோ வீட்டுப் பிள்ளைகள்" ஆனோம்.

அடையாளக் கார்டில் இந்த மூன்று பேருக்கும் எழுத்துக்கூட்டல் வேறு வேறு என்பது தனிக் கூத்து. ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'யூ', ஒருவருக்கு இரண்டு 'ஓ', அப்பாவுக்கு நடுவில் ஒரு 'டபிள்யூ'. பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. தமிழில் ஒரே பெயர், காகிதத்தில் மூன்று. ஸ்குவாஷில் நடந்தது இதற்கு நேர் எதிர், இரண்டு பெயர் ஒன்றாகிவிட்டது.

ஒரு தீபாவளிக்கு முன்பணம் கொடுத்த அன்று பெரிய கிராணி லீவு. புதிதாக வந்த சின்னக் கிராணி அப்பாவின் இருபது வெள்ளியை நெட்டையிடம் கொடுத்துப் பெருவிரலும் வாங்கிக்கொண்டார். அப்பா போய்க் கேட்டால், முனுசாமி வாங்கியாயிற்று என்று ஏட்டைக் காட்டுகிறார். ஏட்டில் முனுசாமி என்றுதான் இருக்கிறது, பெருவிரல் ரேகையைப் பார்த்து யாருடையது என்று யார் சொல்வது? வீட்டில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நெட்டை தானாகவே வந்து பதினேழு வெள்ளியைத் திண்ணையில் வைத்தார். "மூணு வெள்ளி கள்ளுக்கடையில போயிடுச்சுண்ணே, அடுத்த சம்பளத்துல கொடுத்துடறேன்." கொடுத்தாரா என்பதில் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இனிஷியல் போட்டால் சரியாகிவிடுமே என்பீர்கள். அதற்கு நம் சிகாமட்டே பதில். இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எஸ். சுப்பிரமணியம், சாமிவேலு தலைவராக இருந்த காலத்தில் ம.இ.கா.வின், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின், துணைத் தலைவர். 2004இல் அவர் விட்ட தொகுதியில் நின்று ஜெயித்தவர் யார்? எஸ். சுப்பிரமணியம். முதலாமவருக்கு அப்பா சின்னையா, இரண்டாமவருக்குச் சதாசிவம். இரண்டுக்கும் 'எஸ்'தான். கட்சி ஒன்று, தொகுதி ஒன்று, பெயர் ஒன்று, இனிஷியலும் ஒன்று. இரண்டாமவர் பிறகு சுகாதார அமைச்சரானார், 2015இலிருந்து 2018வரை கட்சித் தலைவராகவும் இருந்தார். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையான ஒட்டுக்கடையில் கொஞ்ச காலம் "எந்தச் சுப்ரா?" என்று கேட்காமல் அரசியல் பேச முடியாது. "டத்தோவா, டாக்டரா?" என்பார் கடைக்காரர். டாக்டருக்கும் டத்தோ பட்டம் வந்த பிறகு அதுவும் செல்லவில்லை. "பழைய சுப்ரா, டாக்டர் சுப்ரா" என்று முடிந்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. நெட்டை, ஸ்டோர், ரேடியோ எப்படி வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்தது.

இனி உங்கள் மகனின் யோசனை. குடும்பப் பெயர் இருந்தால் குழப்பம் இருக்காது என்கிறார். சீனர்களையே எடுத்துக்கொள்வோம். பூப்பந்தில் லீ சோங் வெய் மூன்று ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர். லீ ஸீ ஜியா 2021இல் ஆல் இங்கிலாந்து வென்றவர், பாரிஸில் வெண்கலம் வாங்கியவர். உறவா? இல்லை. கோ வீ ஷெம், கோ ஸீ ஃபெய், கோ சூன் ஹுவாட், கோ ஜின் வெய் என்று நம் பூப்பந்தில் மட்டும் கை விரலை மடக்கிக்கொண்டே போகலாம். அவர்கள் யாரும் குழம்புவதில்லை, காரணம் 'லீ'யோடு நிறுத்துவதில்லை. சோங் வெய் என்றுதான் கத்துவார்கள். எனக்குத் தெரிந்த சீன டவ்கே (முதலாளி) ஒருவர் சிவசங்கரியையும் "சிவசங்கரி" என்றே முழுசாகச் சொல்வார், 'ர'தான் கொஞ்சம் இடறும்.

வெள்ளைக்காரர்களுக்கும் குடும்பப் பெயர் உண்டு, என்ன பிரயோஜனம்? மைக்கல் ஜோர்டன் என்றால் உங்கள் பேரன் கூடைப்பந்து என்பான். கணினி படித்தவரிடம் கேட்டால் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியரைச் சொல்வார். சினிமா பார்க்கிறவர் நடிகரைச் சொல்வார். பேராசிரியர் நடுவில் 'ஐ' போட்டுக்கொள்கிறார், நடிகர் 'பி' போட்டுக்கொள்கிறார். நாம் முன்னால் போடும் இனிஷியல் அவர்களுக்கு நடுவில், அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்கக் கால்பந்தில் ஜோஷ் ஆலன் என்று இரண்டு பேர். 2021 நவம்பரில் பஃபலோ அணியின் ஆலனை ஜாக்சன்வில் அணியின் ஆலன் பிடித்துக் கீழே சாய்த்தார், அவர் எறிந்த பந்தையும் பறித்தார். பத்திரிகைக்காரர்கள் அந்தச் செய்தியை எப்படி எழுதினார்களோ! 2024இல் ஜாக்சன்வில்காரர் அம்மா வீட்டுப் பெயரையும் சேர்த்து ஹைன்ஸ்-ஆலன் ஆகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரேசில்காரர்கள் வழி. 1994 உலகக் கிண்ண அணியில் இரண்டு ரொனால்டோ. மூத்தவரை ரொனால்டாவ் என்றார்கள், நம் பாஷையில் பெரிய ரொனால்டோ. பதினேழு வயதுப் பையன் ரொனால்டீன்யோ, அதாவது சின்ன ரொனால்டோ. பிறகு உலகத்தையே ஆட்டிவைத்த ரொனால்டோ அவர்தான். 1996 ஒலிம்பிக் வந்தது. அணியில் அவரைவிட இரண்டு வயது மூத்த வேறொரு ரொனால்டோ. திரும்பவும் நம் ஆள் சட்டையில் 'ரொனால்டீன்யோ' என்று போட்டுக்கொண்டு ஆடினார். அப்புறம் இன்னொரு பையன் வந்தான், அவனும் சின்ன ரொனால்டோ. சின்னவர் இரண்டு பேரானால் என்ன செய்வது? தெற்கே ரியோ கிராண்டி டோ சூல் மாநிலத்துக்காரர்களை அங்கே 'கவூஷோ' என்பார்கள். அதைச் சேர்த்து ரொனால்டீன்யோ கவூஷோ என்றார்கள். பெரிய முனியாண்டி, சின்ன முனியாண்டி, ஈஜோக் ஊர் முனியாண்டி. இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது? நம்மில் மலாயா கணபதி என்று சொல்கிறோமே, 1949இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர், அவருக்கும் ஊர்தான் அடையாளம்.

போர்த்துக்கல் ரொனால்டோவுக்கு அந்தப் பெயர் வந்தது அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனால். அவருடைய அப்பாவுக்கு ரீகனைப் பிடிக்குமாம். நம் தோட்டத்தில் 'ஜவஹர்'களும் 'போஸ்'களும் இருந்த கதைதான்.

மகனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். இது நம் தமிழர் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் ஓட்டி 2016 ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வாங்கியவர் அஸிஸுல்ஹஸ்னி. வெளிநாட்டுச் செய்தியில் பார்த்தால் 'அவாங் வென்றார்' என்று இருக்கும். அவாங் அவருடைய அப்பா. சதுரங்க ஆனந்தை உலகமே செல்லமாக 'விஷி' என்கிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா. ஐந்து தடவை உலகச் சாம்பியன் ஆனவரைச் செல்லம் கொஞ்சினாலும் அப்பாவைத்தான் கொஞ்சுகிறார்கள். 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனில் முத்தையா அப்பா, முரளிதரன் ஆட்டக்காரர். கிள்ளானில் பிறந்த பூப்பந்து வீராங்கனை தீனா முரளிதரனில் தீனா ஆட்டக்காரர், முரளிதரன் அப்பா. இரண்டு முரளிதரனையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணினி என்ன செய்யும்? நம் பெயரில் கோளாறு எதுவும் இல்லை ஐயா. படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தார்களே, வந்தது அங்கேதான். கட்டத்துக்காகப் பிள்ளையின் பெயரை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதுவும் உங்கள் வீட்டில் இது புதுக் குழப்பம்தான் கொண்டுவரும். மூத்த பேரனுக்குப் பின்னால் அவன் அப்பா பெயர், சின்னவனுக்குப் பின்னால் தாத்தா பெயர். ஒரே பள்ளியில் சேர்ந்தால் முதல் நாளே வாத்தியார் கேட்பார், "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா, இல்ல சித்தப்பாவும் மகனுமா?" என்று. இருவருக்கும் அப்பா பெயரையே விடச் சொல்லுங்கள். உங்கள் பெயரை வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்று மகனுக்கு ஆசையிருந்தால் பழைய வழி இருக்கிறதே. பிறப்பது பையனாயிருந்தால் பேரனுக்குத் தாத்தா பெயர். மருமகள் கொஞ்சம் முகம் சுளிப்பாள், இந்தக் காலத்தில் சுப்பிரமணியமா என்று. 'சுப்ரா' என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வாள்.

அடுத்த ஆட்டத்தில் வர்ணனையாளர் உங்களைக் கூப்பிட்டால் நீங்களும் பேரனும் "சிவசங்கரி!" என்று திருப்பிக் கத்துங்கள். அவருக்குக் கேட்காது, பரவாயில்லை.

சிகாமட் வந்தால் சந்தைப் பக்கம் அந்த ஒட்டுக்கடையில் விசாரியுங்கள். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு பேர் எழுந்து வருவார்கள், அதில் ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், லேசில் விடமாட்டார். ரேடியோ வீட்டு ஆள் எங்கே என்று கேளுங்கள். ரேடியோ போய் நாற்பது வருஷமாகிறது, ஆனாலும் கை காட்டுவார்கள்.