ஆபரேஷன் தப்பாப் போனா சர்ஜனுக்கு மனசு உறுத்துமா, இல்ல போகப் போகப் பழகிடுமா?

கேள்விய படிச்சதும் உங்க வீட்டுல யாருக்கோ ஏதோ ஆகியிருக்கு, அந்த டாக்டர் மூஞ்சிய கல்லு மாதிரி வச்சிக்கிட்டு போயிட்டாருன்னுதான் தோணுச்சு. அப்படின்னா உங்க கோவம் நியாயம், அதுல நான் தலையிடல. ஆனா "பழகிடுமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில 19 வருஷமா ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு மாசி மாசம். நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருத்தர், பித்தப்பைல கல்லு. கார்த்திகைலயே எங்க சர்ஜன் சார் ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு சொல்லிட்டாரு, அவரு சம்பா அறுப்பு முடியட்டும்னு மாத்திரைய போட்டு வலிய ஓட்டிட்டாரு. அறுத்தப்புறமாவது வந்தாரான்னா இல்ல, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு நெல்ல எடுக்கல, காயவச்சு காயவச்சு மூட்டைக்குக் காவலா பனில படுத்துக் கெடந்திருக்காரு. எங்கப்பாவும் இப்படித்தான் ரோட்டோரம் தார்ப்பாய் போட்டுக் காத்துக்கெடப்பாரு, ஒரு மழை வந்தா மூட்டைலயே மொளைச்சிடும், வருஷா வருஷம் இதே கதை, கேக்க ஆளில்ல. அத சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், விடுங்க.

அவரு வந்தப்ப பித்தப்பை வீங்கி சுத்தி எல்லாம் ஒட்டிப்போயிருந்துச்சு. லேப்ராஸ்கோப்பிதான், சின்ன ஓட்டை போட்டு கேமராவ உள்ள விட்டு ஸ்க்ரீன்ல பாத்துப் பண்றது. பித்தப்பைலேர்ந்து வர்ற சின்னக் குழாயும், கல்லீரல்லேர்ந்து குடலுக்குப் போற பெரிய குழாயும் பக்கம் பக்கமா இருக்கும், இப்படி ஒட்டிக்கிட்டா எது எதுன்னு கண்ண ஏமாத்திடும். சார் பெரிய குழாய்ல கிளிப் போட்டு வெட்டிட்டாரு. அன்னிக்கு யாருக்கும் தெரியல. மூணாம் நாள் அவருக்குக் கண்ணு மஞ்சளாச்சு. திருச்சிக்கு அனுப்பி, அங்க குடலையும் பித்தக்குழாயையும் சேர்த்துத் தச்சு, ரெண்டு மாசம் கெடந்து பொழச்சாரு. அடுத்த குறுவைய அவரால போட முடியல.

சார் ஸ்கேன பாத்துட்டு வந்து ஆபரேஷனுக்கு முன்னாடி கை கழுவுற எடத்துல குழாயத் தொறந்துவிட்டுட்டு கைய நீட்டாம நின்னாரு. உள்ள ஹெர்னியா கேஸ், முதுகுல ஊசி போட்டாச்சு. நின்னு அழுறதுக்குக்கூட அவருக்கு நேரம் கிடையாது, போயி கத்திய எடுக்கணும், எடுத்தாரு. அப்புறம் ஆறு மாசம் பித்தப்பை கேஸே தொடல. முக்கா மணி நேர ஹெர்னியாவுக்கு ஒன்றரை மணி ஆச்சு. தெனம் ராத்திரி திருச்சிக்குப் போன் போட்டு பிலிருபின், அதாவது ரத்தத்துல மஞ்சக்காமாலை அளவு, எவ்வளவுன்னு கேட்டு சட்டப்பை டைரில எழுதி வச்சிக்குவாரு. மேனேஜ்மெண்ட்ல, "அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட எதுவும் பேசாதீங்க, கேஸாயிடும்"னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் அதுதான். சார் அவங்க பேச்சக் கேக்காம ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப்போயி அந்த விவசாயி வீட்டம்மா முன்னாடி நின்னு, "என் கையாலதாம்மா ஆச்சு"ன்னு சொல்லியிருக்காரு. வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி திட்டித் தீத்துட்டாங்களாம். மறுநாள் வந்து "திட்டுனாங்க சிஸ்டர்"னாரு. அன்னிக்குத்தான் அவரு வீட்டுச் சாப்பாட்டு கேரியர் காலியா திரும்பிப் போச்சு.

"ஆஸ்பத்திரிக்காரி, முட்டுக்கொடுக்கத்தான் செய்வா"ன்னு கீழ வரும்னு தெரியும். எல்லா சர்ஜனும் இப்படின்னு நான் சொல்லல. இந்த ஆபரேஷன்ல ஆயிரத்துக்கு மூணு நாலு பேருக்கு இப்படி ஆகுதுன்னு கணக்கு இருக்கு, ஆனா நம்ம வீட்டு ஆளுக்கு ஆனா அந்தக் கணக்க வச்சு என்ன பண்றது. 2000ல ஆல்பர்ட் வூன்னு ஒரு அமெரிக்க டாக்டர், தப்பு நடந்தா டாக்டரும் ரெண்டாவதா பாதிக்கப்பட்டவர்தான்னு எழுதுனாரு. எனக்கு அந்தப் பேரு ஒப்பல, பாதிக்கப்பட்டது மஞ்சக் கண்ணோட கெடந்தவருதான். ஆனா 2005ல ஜேக்கப் மேத்யூன்னு ஒரு டாக்டர் மேல போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, கேஸுக்குப் பயந்து கை நடுங்குற சர்ஜனால நல்லா ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு சொன்னது நெசம். அந்த நடுக்கத்த நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அது கோர்ட்டுக்குப் பயந்த நடுக்கம் மட்டுமில்ல.

இத யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த பித்தப்பை ஆபரேஷன் அன்னிக்கு சார் பக்கத்துல கருவி எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னது நான். ஒட்டிப்போனத பிரிக்க நேரமாச்சு, "சார், அடுத்த கேஸ் வெளில ரெடியா இருக்கு"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். சார் அதப்பத்தி ஒரு வார்த்தை என்னைய கேட்டதில்ல. வேற யாரும் கேக்கல.

இப்ப திரும்ப பித்தப்பை கேஸ் பண்றாரு. கிளிப் வைக்கிறதுக்கு முன்னாடி கைய நிறுத்திடுவாரு. பித்தப்பைக்குள்ள போறது ஒரு குழாயும் ஒரு ரத்தக்குழாயும் மட்டும்தானான்னு சுத்தமா தெரியணும். ஸ்க்ரீன பாத்துக்கிட்டே, "ரெண்டுதானே சிஸ்டர்?"ம்பாரு. நானும் நல்லா பாத்து, எண்ணிட்டு, அப்புறம்தான் "ரெண்டுதான் சார்"னு சொல்லுவேன். அடுத்த கேஸ் வெளில எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி.